கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பெயர்

போன வாரம் என் மகள் ஒரு வெள்ளைத் துணித் தொப்பியை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "அம்மா, இது தொங்குது பாரு. கஞ்சி போட்டா விறைப்பா நிக்குமாம். போட்டுத் தா" என்றாள். காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் வகுப்புப் பிள்ளைகளே எழுதி நடிக்கிற நாடகமாம். முன்னூறு வருஷத்துக்கும் முந்தைய அமெரிக்கக் கிராமம். எந்நேரமும் பைபிளும் கையுமாக இருக்கிற ஜனங்கள். அவர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் திடீரென்று வலிப்பு வந்த மாதிரி விழுந்து புரண்டு, அக்கம்பக்கத்தாரைச் சூனியக்காரி என்று கை காட்டுகிறார்கள். ஊரும் நம்பித் தூக்கில் போடுகிறது. "இதெல்லாம் நெஜமாவே நடந்துச்சும்மா, நம்புவியா?" என்று கேட்டாள். நான் அரிசி டப்பாவைத் தேடப் போய்விட்டேன்.

குக்கர் வைத்துப் பழகிய வீட்டில் கஞ்சி எடுப்பது பெரிய பாடு. பாத்திரத்தில் அரிசியைக் கொதிக்க விட்டேன். என் சமையல் திறமைதான் ஊரறிந்ததாயிற்றே, சோறு களியாகிப் போனது, கஞ்சி மட்டும் பிரமாதமாக வந்தது. தொப்பியை முக்கிக் காயவைத்து இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்தேன். சூட்டில் அந்த வாசனை எழுந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன்.

இதே மாதிரி தொப்பிகளை என் அக்கா எஸ்தர் தைத்திருக்கிறாள். பழைய பெட்ஷீட்டைக் கிழித்து, கஞ்சி போட்டு, ஏழெட்டுத் தொப்பி. இதே கதைக்குத்தான். அப்போது எனக்குப் பதினைந்து வயது, அவளுக்கு இருபத்தைந்து. அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். குரோம்பேட்டையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் அக்கா இங்கிலீஷ் டீச்சர். அவள் சம்பளத்தில்தான் அம்மா, நான், எல்லாம்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளால் யார் மாதிரியும் பேச முடியும். பால்காரர், பக்கத்து வீட்டு மாமி, தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் அறிவிக்கிற பெண்மணி, யாரையும் விட மாட்டாள். எங்கள் பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, விட்ட வாக்கியத்தை மறந்துபோய் முழிப்பாரே, அதை அவள் செய்து காட்டினால் அம்மாவே, "அடியே, பாவம்டி, பாவம்டி" என்று சொல்லிக்கொண்டே சிரிப்பார். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் எங்கள் சாயங்காலங்கள் போயின.

கிழக்குத் தாம்பரத்தில் இருந்த எங்கள் சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. கேம்ப் ரோடு பக்கத்தில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை ஒன்று. அதன் மாடியில் ஷீட் கூரை போட்ட ஹால். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபம், சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் நாடக ரிகர்சல். நாடகப் பொறுப்பு அக்காவுடையது. வருஷா வருஷம் தலையில் துண்டு கட்டிய மேய்ப்பர்கள், மாடாக நிற்கப் பயந்து அழுகிற ஒரு பொடியன். நானும் மூன்று வருஷம் ஆடாக நடித்திருக்கிறேன், வசனம் கிடையாது. அந்த வருஷம் அக்கா, "பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு பத்துக் கட்டளைல இருக்குல்ல, அத வெச்சு ஒண்ணு பண்ணலாம்" என்று, எம்.ஏ.வில் படித்த அந்த அமெரிக்கக் கிராமத்துச் சரித்திரத்தை எடுத்துத் தானே தமிழில் நாடகம் எழுதினாள். பாஸ்டரும் படித்துப் பார்த்து, "நல்ல மெசேஜ்மா" என்றார். இதை நான் மறக்க மாட்டேன்.

நாடகத்தில் பொய் சொல்கிற பெண் பிள்ளைகளுக்குத் தலைவி ஷீபா. சபைச் செக்ரட்டரி ஜெயசிங் அங்கிளின் ஒரே மகள், என் வகுப்புத் தோழி. அற்புதமாக விழுவாள். கண்ணைச் செருகி, பல்லைக் கடித்து, விரல்களை மடக்கிக்கொண்டு தடாலென்று விழுந்தால் எங்களுக்கே நிஜமோ என்று தோன்றும். அக்காதான் சொல்லிக்கொடுத்தாள், முழங்கை அடிபடாமல் எப்படி விழுவது என்று. கீழே கடை வைத்திருந்த ஆறுமுகம் அண்ணன் ஒருநாள் படியேறி வந்துவிட்டார். "இன்னாமா, மேல யாரையாவது போட்டு அடிக்கிறீங்களா? பாத்திரம் கேக்க வந்தவன் பயந்துகினு ஓடிட்டான்" என்றார். நாங்கள் சிரித்துத் தரையில் உருண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பல்லாவரத்து மாப்பிள்ளை, ஜனவரியில் கல்யாணம். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். 'இவர்கள் இணைவதற்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்' என்று முடியும். ஓலை வாசிப்பது என்போம். யாரும் எழுந்து எதுவும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. முதல் ஓலை வாசித்த ஞாயிறு அம்மா எல்லாருக்கும் கேக் கொடுத்தார். அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், ஆனால் தோள் குலுங்கியது. பாஸ்டர் மாப்பிள்ளை பெயரைத் தடுமாறி வாசித்ததுதான் காரணம்.

அடுத்த சனிக்கிழமை ரிகர்சல் முடியும் நேரத்தில் ஜெயசிங் அங்கிள் ஸ்கூட்டரில் வந்து நின்றார். "ஷீபா எங்கம்மா?" என்றார். அக்கா ஒன்றும் யோசிக்காமல், "ரெண்டு வாரமா வரலையே அங்கிள். உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்" என்றாள். அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ரிகர்சல், ரிகர்சல் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஷீபா மேற்குத் தாம்பரத்துக் கம்ப்யூட்டர் சென்டர் பையன் ஒருவனோடு சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அங்கிள் பெல்ட்டைக் கையில் எடுத்திருக்கிறார். முதல் அடி விழுவதற்குள் ஷீபா விழுந்துவிட்டாள். கண் செருகி, பல்லைக் கடித்து, விரலை மடக்கி. "எஸ்தர் அக்கா கூப்பிடறாங்க, போகச் சொல்றாங்க" என்று முனகினாளாம். பெல்ட் கீழே போய்விட்டது. தகப்பனும் தாயும் அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதார்கள். இவ்வளவுதான் நடந்தது. ஒரு பிள்ளை அடிக்குப் பயந்து வாயில் வந்ததைச் சொன்னது.

மறுநாள் இரண்டாவது ஓலை. பாஸ்டர் 'தடை இருப்பதாக அறிந்தவர்கள்' என்று வாசித்து நிமிர்ந்தார். நாற்காலிகள் சரிகிற சத்தம். ஷீபா தரையில் கிடந்தாள். கை அக்காவை நோக்கி நீண்டிருந்தது. "வேணாங்க்கா, விட்டுடுங்கக்கா" என்று அலறினாள். அக்கா முதலில் சிரித்தாள், நாடகம் காட்டுகிறாள் என்று நினைத்து. அந்தச் சிரிப்பை எல்லாரும் பார்த்தார்கள். பிற்பாடு அதுவே பெரிய அத்தாட்சியாகிவிட்டது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடக் குழாயடியில் ஷீபாவை மடக்கினேன். அடிக்கிற ஆத்திரம் எனக்கு. அவளோ குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னடி பண்ணச் சொல்ற? எங்கப்பா பெல்ட்ட எடுத்துட்டாரு. வாய்ல உங்கக்கா பேருதான் வந்துச்சு" என்றாள். "அப்ப சர்ச்சுல?" என்றேன். "எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்கடி. சும்மா இருந்தா சனிக்கிழம வீட்ல பண்ணது நடிப்புன்னு தெரிஞ்சிடாதா? இப்ப நிறுத்துனா எங்கப்பா என்னைக் கொன்னே போட்டுடுவாரு." அழுதாள். நிஜ அழுகை. விழும்போது வருகிற முகம் வேறு, அழும்போது வருகிற முகம் வேறு, எனக்கு இரண்டும் தெரியும்.

நான் ஊமையாக இருக்கவில்லை. நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போய் ஆன்ட்டியிடம், அதாவது பாஸ்டரின் மனைவியிடம், மூச்சு வாங்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் சென்டர், பெல்ட், குழாயடி எல்லாம். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு, "நீயும் அக்காவும் ஒரே ரூம்லதான் படுக்கறீங்களாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "ம்" என்று என் நெற்றியில் ஜெப எண்ணெய் தொட்டு வைத்தார். ஐயோ கடவுளே, நான் சாட்சி சொல்லப் போய் எனக்கே பேய் பிடித்ததாக ஆனது.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபத்தில்தான் அக்காவின் கதை முடிந்தது. சங்கிலி ஜெபம் என்று ஒன்று, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒருவர் ஜெபித்து முடித்ததும் அடுத்தவர் தொடர வேண்டும், மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். சாதாரணப் பேச்சில் ஒருவர் தப்பாக ஏதாவது சொன்னால், 'அதெல்லாம் இல்லை' என்று குறுக்கே பேசலாம். ஜெபத்தில் முடியாது. அவர் நம்மிடமா பேசுகிறார், ஆண்டவரிடம் அல்லவா பேசுகிறார்! அதனால் எங்கள் ஜனங்கள் நேரில் சொல்லக் கூசுகிற எதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

சாயங்காலக் கூட்டம், அக்கா பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸில் இருந்தாள். நான் அம்மாவின் பக்கத்தில். ஆன்ட்டி மெல்ல ஆரம்பித்தார், "ஆண்டவரே, எஸ்தர் மகளோட மனக்குழப்பத்த நீக்கிப் போடும்." ஆமென். அடுத்தவர், "அவ வாசிக்கிற புஸ்தகங்களால வந்த இருள அகற்றும்." ஆமென். அதற்கடுத்தவர், "இருளோட வந்த அந்த ஆவிய." அதற்கும் அடுத்தவர் ஷீபாவின் அம்மா. "எங்க பிள்ளைங்க மேல ஏவி விட்ட அந்த சூனியத்த..." என்று பாதியில் நிறுத்தினார். எல்லாரும் சத்தமாக ஆமென் சொன்னார்கள். நான்கு பேர் வாயில் புகுந்து வருவதற்குள் எங்கள் அக்கா சூனியக்காரி ஆகிவிட்டாள். ஒருவரும் அவள்மேல் குற்றம் சொல்லவில்லை, கேட்டீர்களா? அவளுக்காக ஜெபித்தார்கள்.

அடுத்த முறை அம்மாவுடையது. நான் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தேன். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. 'இது பொய்' என்று அந்தப் பெண்களைப் பார்த்துச் சொல்லத் தெரிந்திருக்கும் அம்மாவுக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆன்ட்டி ஒரு பாட்டை ஆரம்பித்தார். படியிறங்கும்போதே பேச்சு கிளம்பிவிட்டது, பெற்ற தாயாலேயே அவளுக்காக வாயைத் திறக்க முடியவில்லை, பார்த்தாயா என்று.

சனிக்கிழமை ரிகர்சலுக்குப் பதில் விடுதலை ஜெபம், அதாவது பேயோட்டும் ஜெபம், வைத்தார்கள். நாடகத்தில் விழுகிற பாத்திரம் ஏற்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக விழுந்தார்கள். விழாதவள் பக்கம் எல்லார் பார்வையும் திரும்பும், உடனே அவளும் விழுவாள். அவர்கள் எல்லாருமே நடித்தார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒருத்திக்கு நிஜமாகவே வாயில் நுரை தள்ளியது. நான் விழவில்லை, அம்மா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தார். கீழே ஆறுமுகம் அண்ணன் கடை வாசலில் நின்று, "இப்பதாம்மா நடிப்பு நல்லா கீது. போன வாரம் சும்மா கத்திகினு இருந்தாங்கோ" என்றார். எங்களுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

மூன்றாவது ஞாயிறு. அக்கா நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். "நான் தப்புப் பண்ணல, நான் ஏன் வீட்ல ஒளியணும்?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். எங்கள் வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. அறிவிப்பு நேரம் வந்தது. பாஸ்டர் காணிக்கை பற்றிச் சொன்னார், ஒரு பிறந்தநாள் சொன்னார், கிறிஸ்மஸ் நாடகம் இந்த வருஷம் இல்லை என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பாட்டு எண்ணைச் சொன்னார். ஓலையை வாசிக்கவே இல்லை. யாராவது எழுந்து தடை சொல்லியிருந்தால் அக்காவும் எழுந்து பதில் சொல்லியிருப்பாள். தடை என்று ஒருவரும் சொல்லவில்லையே, எதற்குப் பதில் சொல்வது? எல்லாரோடும் எழுந்து நின்று அவளும் அந்தப் பாட்டைப் பாடினாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமா வந்தார். காபி வேண்டாம் என்றார். "பையனுக்கு இப்ப சரியா வராதுன்னு தோணுதும்மா. ஜெபத்துல அப்படித்தான் உணர்த்தப்பட்டோம்" என்றார். "எங்க பொண்ணு மேல என்ன குறைன்னு சொல்லிட்டுப் போங்க" என்று அம்மா கேட்டார். அவர் பதறிப்போய், "ஐயய்யோ, குறைன்னு யாரும்மா சொன்னா?" என்றார்.

அக்கா ஒரே ஒரு தடவை ஷீபா வீட்டுக்குப் போனாள். கேட்டுக்கு வெளியே நின்று, "ஷீபா, வெளிய வந்து என் முகத்தப் பாத்துச் சொல்லும்மா. நான் உன்ன என்ன பண்ணேன்?" என்று கேட்டாள். ஜன்னல் சாத்தப்பட்டது. அவள் தெருமுனை திரும்பியதும் ஜெயசிங் அங்கிள் வந்து அவள் பிடித்திருந்த கேட் கம்பிகளில் எண்ணெய் பூசி ஜெபித்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து எங்களிடம் இதைச் சொல்லிவிட்டு, "ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தாம்மா" என்றும் சொன்னார். அந்த வாரமே பள்ளியிலும், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார்கள். பெற்றோரில் சிலர் எங்கள் சபைக்காரர்கள்.

அதன் பிறகு வந்த வரன்களை அக்கா வேண்டாம் என்றாள். பள்ளிக்கரணையில் வேறு பள்ளி, அங்கேயே சின்ன ஃபிளாட், அவ்வளவுதான் வாழ்க்கை. மிமிக்ரி நின்றுபோனது. கோபம்கூட அவளுக்குச் சரியாக வரவில்லை, எனக்குத்தான் இன்றுவரை பற்றி எரிகிறது. ஒன்றை மட்டும் விடவில்லை அவள். கிறிஸ்மஸ் சமயத்தில் எப்போதாவது, கறி நறுக்கிக்கொண்டே, "அவளும் கொழந்ததானேடி. என்னைக்காவது ஒருநாள் வந்து, நான் பொய் சொன்னேன்க்கான்னு சொல்லுவா பாரு" என்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் மேடவாக்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி வீட்டில் ஜெபக்கூட்டம் என்று கூப்பிட்டாள். மரியாதைக்குப் போனேன். தேவச்செய்தி கொடுக்க வந்தவள் ஷீபா. நன்றாகச் சதை போட்டிருந்தாள், குரல் கணீரென்று இருந்தது. தன் சாட்சியைச் சொன்னாள். பதினைந்து வயதில் தன்மேல் ஒரு பெண் சூனியம் ஏவியதையும், சபையின் ஜெபத்தால் தான் விடுதலையானதையும். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் வாசலில் செருப்பு போடும் இடத்தில் அவள் கையைப் பிடித்தேன். "ஷீபா, ஸ்கூல் கொழாயடில என்கிட்ட என்ன சொன்ன, ஞாபகமிருக்கா?" என்றேன்.

"எந்தக் கொழாயடி?" என்றாள். என்னை அடையாளம் தெரிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அக்கா எப்படி இருக்காங்க? அவங்கமேல எனக்குக் கோவமே கெடையாதுடி. தெனமும் அவங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்றாள். அவள் பொய் சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றேன் அல்லவா? இது அந்த முகம் இல்லை. மனதார நம்பிச் சொன்னாள். இதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகள் நாடகத்துக்கு அக்காவும் வந்தாள். நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன், "பொண்ணு நடிக்கிறா, வராம இருப்பேனா?" என்று கிளம்பிவிட்டாள். மேடையில் பெண்கள் விழுந்து அலறியபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். "அந்த மூணாவது பொண்ணு முழங்கைய இடிச்சுக்கிட்டா பாவம்" என்றாள்.

பொத்தேரியில் ரயில் ஏறினோம். கூட்டமில்லை, ஜன்னலோரம் எதிரெதிரே இடம் கிடைத்தது. பெருங்களத்தூர் தாண்டும்போது அக்கா, "ஷீபா இந்த டிராமாவப் பாத்தான்னா சொல்லிடுவா இல்ல? எங்க இருக்கான்னு விசாரிச்சு ஒரு டிக்கெட் குடுத்திருக்கலாம்" என்றாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மேடவாக்கத்தில் நடந்ததைச் சொன்னேன். அக்கா வெளியே பார்த்தபடியே கேட்டாள். அம்மா இன்று உயிரோடு இல்லை, ஜெயசிங் அங்கிளும் இல்லை. பாஸ்டர் கடைசிக் காலத்தில் யாரையும் அடையாளம் தெரியாமல் போய்ச் சேர்ந்தார். அந்த மாடி ஹால் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடையும் பிரியாணிக் கடையும் இருக்கின்றன. இத்தனை போனபிறகும் ஷீபாவின் மனதில் எங்கோ அந்தப் பொய் பொய்யாகவே இருக்கிறது என்றுதான் நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம். அதுவும் போய்விட்டது.

தாம்பரம் வந்துகொண்டிருந்தது, ஆட்கள் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். "அப்ப நான் செஞ்சதாவே ஆயிடுச்சா?" என்றாள் அக்கா.

"நான் இருக்கேன்லக்கா. எனக்குத் தெரியும்ல" என்றேன்.

"நீ என் தங்கச்சிடி, உன் சாட்சி செல்லாது" என்று சொல்லிவிட்டு அவள் இறங்குவதற்கு எழுந்தாள்.